நகம் பதிகிற சன்னம்

துப்பாக்கி விற்கிற துவக்குக் கடை கவுண்டரில் நிற்பது முழுக்க வாயால் செய்கிற வேலை. சாமான் விற்றுப் பிழைக்கும் என் சகபாடிகளே, வாங்க வருகிறவர் தனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் வருவார் என்பது உங்களுக்கும் தெரியும். லண்டன் விளிம்பில் இருக்கும் எங்கள் கடையிலும் அதே கதைதான்.

விளையாட்டுச் சாமான்

என் மனைவி ஊர்ச்சனத்துக்கு என் தொழிலைச் சொல்வதில்லை. போருக்குத் தப்பி வந்த, துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுகிற சனம் நாங்கள். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஒருமுறை விம்பிள்டன் கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் நின்ற அம்மா என் வேலையை விசாரித்தார். “இவர் ஸ்போர்ட்ஸ் கடையில” என்று மனைவி முடித்துவிட்டாள். அம்மாவின் முகம் மலர்ந்தது.

“அப்ப தம்பி, என்ர பேத்திக்கு ஒரு பாட்மின்டன் ராக்கெட் மலிவா எடுத்துத் தாருமன்.”

அமெரிக்க வீடியோ

செல்வம் அண்ணைக்கு ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை. கென்ட் பக்கம் காணி வாங்கிக் கீரையும் பூசணியும் போட்டார். மான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. முறைப்படி லைசன்ஸ் எடுத்து, எங்களிடமே ரைபிளும் வாங்கினார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அதற்கு ரவைத் தோட்டா வாங்க வந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் ஒருவன் ரிவால்வரால் காட்டுப்பன்றியைச் சரிக்கிறான். போட்டது ஹார்ட் காஸ்ட். அதாவது ஈயத்தோடு வேறு உலோகம் கலந்து வார்த்த இறுகிய சன்னம், ரவையின் முனையிலிருந்து பறக்கிற குண்டு. அண்ணைக்கும் அதுதான் வேண்டும்.

நான் விடவில்லை. ரிவால்வர் சன்னம் மெதுவாகப் போவது, பன்றியின் தோளோ தடித்தது. ஆகவே அவர்களுக்கு நசியாமல் துளைக்கிற பாரமான சன்னம் தேவை. இங்கே கைத்துவக்கோடு வேட்டைக்குப் போகவே முடியாது. உங்கள் ரைபிள் வேகமானது, மானின் உடம்பு மெல்லியது. அதற்கு உள்ளே போய் விரிந்து உடனே விழுத்துகிற மெதுமுனைச் சன்னம்தான் சரி, சட்டமும் அதையே கேட்கிறது என்றேன். அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“தம்பி, நீ சாமான் விக்கிறியோ, கோட்டில வழக்குப் பேசுறியோ?”

சுரைக்காய்

மெதுமுனைப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அண்ணை ஒன்றை எடுத்து, மரக்கறிக்காரர் வழக்கப்படி முனையில் பெருவிரல் நகத்தை அழுத்தினார். கீறல் விழுந்தது. பெட்டியைத் தள்ளிவிட்டார். “நகம் பதியிற சுரைக்காயைத்தானே அண்ணை நல்ல பிஞ்சு எண்டு விக்கிறியள்?” என்று மடக்கினேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை. அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“சுரைக்காயால மான் விழுமெண்டா நான் உன்னட்டை ஏன் வாறன்?”

அவருக்கு மட்டும்

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். ரிவால்வர் ரவை போடுகிற பழைய மாதிரி ரைபிளால் கழகத்தில் கடதாசி இலக்குச் சுடுகிறவர். ஹார்ட் காஸ்ட் கேட்டார். குழலுக்குள் ஈயம் ஒட்டுகிறதாம், இன்னும் இறுகியது வேண்டுமாம். இறுக்கம் போதாததால் அல்ல, சன்னம் குழலுக்கு மெலிந்ததால் ஒட்டுகிறது என்று ஒரு மயிரிழை தடித்ததைக் கொடுத்து அனுப்பினேன். அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது எனக்குச் சுட்டது.

“வெள்ளைக்காரனுக்கு இறுகினது, எனக்கு மெத்தெண்டது. விளங்குது தம்பி.”

ஆஸ்பத்திரி

அண்ணை கதவுவரை போய்விட்டார். வியாபாரம் போனால் போகட்டும். வேறெங்காவது இறுகிய சன்னம் தேடிப் பிடித்துச் சுட்டால், காயப்பட்ட மான் பற்றைக்குள் கிடந்து கிடந்து சாகும். அவர் இழுத்து நடக்கிற கால் கண்ணில் பட்டது. “அண்ணை, காலுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“ஊரில சண்டைக்க சன்னம் பட்டது. இந்தப் பக்கத்தால பூந்து அந்தப் பக்கத்தால போட்டுது. நான் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனனான்” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

“அதுவும் இறுகினதுபோல நசியாத சன்னம் அண்ணை. விரியேல்லை. அதாலதான் இருக்கிறியள். அந்த மான் எந்த ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்?”

அவர் கை தொடைக்குப் போனது. பிறகு திரும்பி வந்து, தள்ளிவிட்ட அதே பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

“நகம் பட்டதையும் சேத்துத் தா. மானுக்கு நோகக் கூடாது.”

நான் படித்த சட்டமும் சன்ன விவரமும் விற்காத பெட்டியை அவர் காலிலிருந்த தழும்பு விற்றுத் தந்தது. கோயிலில் மட்டும் நான் இன்னும் பாட்மின்டன் ராக்கெட் விற்கிறவன்தான்.