நுஸ்ரா முகர்ந்த மண்

நுஸ்ராவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளுடைய வேலையில் பாதியை அதுதான் செய்தது.

மாத்தளை நகரத்துக்குச் சற்று வெளியே ஒரு பழைய வாடகை வீட்டில் சிறிய ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. மண்ணில் வாழும் கிருமிகளிடம் மருந்து தேடுகிற இடம். மண்ணுக்குள் கிருமிகள் ஒன்றையொன்று கொல்வதற்கு நஞ்சு சுரக்கின்றன. அந்த நஞ்சுகளில் சில மனிதனுக்கு மருந்தாகும். இருக்கிற மருந்துகள் பல இப்போது பிடிப்பதில்லை என்பதால் புதியது வேண்டும். அந்த ஆய்வுகூடத்தை நடத்தியவர் மாணிக்கவாசகம், பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். அவருக்குக் கீழே இரண்டே பேர்: நுஸ்ரா, அவளுக்கு அடுத்ததாகக் கஜீபன்.

நான் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர். நுஸ்ராவின் மாமனார் பலீல் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து விழுந்த பிறகு, அவரைக் கழுவித் துடைத்துச் சாப்பாடு கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் பகலில் போய்வருகிறேன். இதில் பாதி நான் பார்த்தது. மீதி நுஸ்ரா சொன்னது.

அவள் யட்டவத்தப் பக்கத்துப் பிள்ளை. வாப்பா மிளகும் கிராம்பும் வாங்கி விற்றவர். கிராம்பு மூட்டையைத் திறக்காமலே, உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுவாளாம். பல்கலைக்கழகத்துக்குப் போய் நுண்ணுயிரியல் படித்தபோது சொந்தக்காரர்களுக்கு அது புரியவில்லை. டொக்டராகவும் வரமாட்டாள், டீச்சராகவும் வரமாட்டாள், கிருமியைப் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டார்கள். அவள் படித்து முடித்து வேலையும் எடுத்தாள். நகரத்தில் போன் கடை வைத்திருக்கும் றம்ஸியைக் கட்டினாள்.

இரண்டு தடவை பிள்ளை தங்கி இரண்டு தடவையும் மூன்று மாதத்துக்குள் போய்விட்டது. முதல் தடவை செய்தி தெரிந்த கிழமையே வீட்டுக்கு வாழ்த்தோடு வட்டிலப்ப இனிப்பு வரத் தொடங்கியது. பிறகு அதே ஆட்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை தங்கியபோது அவள் புருசனைத் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் கழியும்வரை யாருக்கும் சொல்லாமல் இருப்பது நம் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டாள்.

இனி அந்த முகரும் விஷயம். மருந்து சுரக்கும் ஒரு வகைக் கிருமிக்கு, முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் இருக்கும். மண்ணுக்கு அந்த வாசத்தைக் கொடுப்பதே அதுதான் என்று நுஸ்ரா சொல்வாள். கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் தூக்கி முகர்ந்தால் சரியான ஆளா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இப்படிச் செய்யக் கூடாது என்பது அந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் செய்வதும் தெரியும். சமைக்கிறவர் கையில் ஊற்றி உப்புப் பார்ப்பதைப்போல அவர்களுக்கு அது கைப்பழக்கம்.

பெருநாள் கழிந்து சில கிழமைகளில் வில்கமுவவுக்குப் போய் வயல் மண் எடுத்துவந்தார்கள். பஸ் இறங்கி, ஒருவருடைய உழவு இயந்திரத்தில் தொற்றிக்கொண்டு போனார்களாம். அந்த மண்ணிலிருந்து வளர்ந்த ஒரு தட்டில், சுருங்கிய தோல்போல ஒரு கிருமிப் படை. அதைச் சுற்றித் தெளிந்த வட்டம். வட்டத்துக்குள் வேறு எதுவும் வளரவில்லை. பக்கத்தில் வருவதையெல்லாம் அது கொன்றுவிட்டது என்று அர்த்தம். இரண்டு வருசமாக அவர்கள் தேடியது இதைத்தான்.

நுஸ்ரா மூடியைத் தூக்கினாள். பிறகு கஜீபனைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. இத மணந்து பாரு."

"எனக்கு மூக்கடைப்புக்கா."

"அடைச்ச மூக்குக்கும் வரும். வா."

அவன் குனிந்து முகர்ந்தான். "மழ விட்ட பொறவு எங்க தோட்டத்து மல மாதிரி இருக்கு. இத போத்தல்ல அடைச்சு சென்ட்டுனு வித்தா, நீங்களும் நானும் மருந்து தேட வேண்டியதில்ல."

"நீ விக்கப்போனா அதையும் கடனுக்குத்தான் குடுத்திட்டு வருவாய்."

அடுத்து வந்த நாட்களில் அதைப் புதிய தட்டுகளில் வளர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் முகர்ந்தாள், அவனுக்கும் நீட்டினாள். அந்த நேரம் அவளுக்கு வீட்டில் வெங்காயம் தாளித்தாலே வயிற்றைப் புரட்டும். மீன் கழுவினால் முற்றத்துக்கு ஓடுவாள். அந்தத் தட்டின் வாசம் ஒன்றுதான் அவளுக்குப் பிடித்ததாம். கிருமியின் மாதிரி ஒன்றைப் பெயர் கண்டுபிடிக்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

ஒரு காலையில் கொழும்பிலிருந்து மாணிக்கவாசகத்துக்கு அழைப்பு வந்தது. அவர் இரண்டு பேரையும் வெளி அறைக்குக் கூப்பிட்டு, ஆய்வு அறைக் கதவைப் பூட்டினார்.

"நாம தேடினது இல்ல இது. மெலியோய்டோசிஸ் கிருமி," என்றார்.

நெற்காணிச் சேற்றில் இருக்கிற கிருமி அது. சேற்றில் இறங்குகிற பலருக்கு ஒன்றும் செய்யாது. சீனி வியாதிக்காரருக்கும் உடம்பு தளர்ந்தவர்களுக்கும் நெஞ்சுக்குள்ளும் இரத்தத்திலும் இறங்கி ஆளைக் கொன்றுவிடும். ஆய்வுகூடத்தில் அதை மூச்சோடு உள்ளிழுப்பதுதான் ஆக மோசம்.

"யாராவது மூடியத் தூக்கி மோந்தீங்களா? மோந்திருந்தா இன்னைக்கே மருந்து தொடங்கி மூணு கிழமை, இருவத்தொரு நாள் குடிக்கணும். இல்லேன்னா காய்ச்சல் வருதான்னு பார்த்தாப் போதும். ஒளிக்காமச் சொல்லுங்க."

என்ன மருந்து என்று நுஸ்ராவுக்குத் தெரியும். கரு தங்கிய முதல் மாதங்களில் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள் என்பதும் தெரியும். ஆம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே வயிற்றில் இருப்பதைச் சொல்ல வேண்டும், மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"இல்ல சேர்," என்றாள்.

கஜீபன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இல்லங்க சேர்," என்றான் அவனும். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுத்தான் தொறந்தோம், மூச்சுப் படல."

தன்னுடைய பொய்யைவிட அவனுடைய பொய் நேர்த்தியாக இருந்தது என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். அவளைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னான் என்பதும் அவளுக்கு அப்போதே விளங்கியது. வளர்ந்த ஆள், படித்தவன், தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நான் அப்போது பலீலுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றாள்.

"ஆன்ட்டி, கோட்ரைமொக்ஸசோல் தெரியுமா?"

"தெரியும். யாருக்கு?"

"சும்மா கேட்டன். வயித்துல புள்ள ஈக்கிறவங்க குடிக்கலாமா?"

"ஆரம்பத்துல நல்லதில்ல. உனக்கு எத்தன மாசம் புள்ள?"

பலீல் நல்லாயிருக்கிற கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து மூன்று விரலைக் காட்டினார்.

"மாமாக்கும் தெரியுமா?"

"உன் புருசன் உன்னோட போன்ல பேசுறது இந்தச் சொவரு வழியா முழுசா வருது," என்றேன். "படுத்துக் கெடக்கிறவருக்கு வேற என்ன வேல? சொல்லு, என்ன நடந்திச்சு?"

கட்டில் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் இரண்டு கேள்வி கேட்டேன்.

"கடைசியா எப்ப மோந்தீங்க?"

"முந்தாநாள்."

"அந்தப் பையனுக்கு வருத்தம், வியாதி ஏதும் இருக்கா?"

இதற்குத்தான் அவளுக்கு நேரம் எடுத்தது. "சீனி. ஸ்கூல் போற வயசுலேருந்து ஊசி போடுறவன்."

"அப்ப அவனுக்குப் போன் எடு."

"எடுத்தா எல்லாம் வெளிய வரும் ஆன்ட்டி."

"வரட்டும்."

"ரெண்டு தரமும் ஊருக்குத் தெரிஞ்ச பொறகுதான் போச்சி."

"தெரிஞ்சதுனால போகல. அது என்னவிட உனக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சிட்டும் அந்த நேரம் வாய் வருதில்ல."

பலீல் கஞ்சியைத் துப்பிவிட்டு ஏதோ சொன்னார். அவருடைய பேச்சு எனக்கும் பாதிதான் விளங்கும். "எடு" என்றது மட்டும் விளங்கியது.

போனை எடுத்தது கஜீபனின் தாய் சந்திரகாந்தா. மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். நுஸ்ரா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"தம்பி படுத்திருக்கான் மிஸ். பகல்லேருந்து காச்சல். நேத்து மழையில நனஞ்சான்ல, அதுதான். பெனடோல் குடுத்திருக்கேன்."

அதற்குப் பிறகு நுஸ்ரா தடுமாறவில்லை. தாயிடம், இது மழைக் காய்ச்சல் இல்லை, வாகனம் வருகிறது, அவனை உடுத்தி வையுங்கள் என்றாள். மாணிக்கவாசகத்தை அழைத்து, "நான் மணந்தேன் சேர், அவனுக்கும் நான்தான் நீட்டினேன்" என்றாள். அவர், "நானும் ஒரு நாள் மோந்தேன்மா. காலையில கோல் வந்த உடனே மருந்தத் தொடங்கிட்டேன்," என்றார்.

அதை அவர் காலையில் சொல்லவில்லை. முதல் ஆளாக அவர் சொல்லியிருந்தால் மற்ற இரண்டு பேரும் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நுஸ்ராவும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி தனக்கில்லை என்றாள்.

றம்ஸி கடையைச் சாத்திவிட்டு, கஜீபனை ஏற்ற வேனைக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே கிருமியின் பெயரைச் சொல்லும்படி அவனிடம் சொன்னேன். வயலுக்குப் போய்வந்தவன், காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் எலிக்காய்ச்சல், டெங்கு என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், நேரம் போய்விடும். மாணிக்கவாசகமும் அங்கே பேசினார். இரவே கஜீபனுக்கு நரம்பு வழியாக மருந்து ஏறத் தொடங்கியது. இருந்தும் மறுநாள் நெஞ்சில் இறங்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள்.

நுஸ்ராவுக்கு டொக்டர் வேறு மருந்து கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்துக் குறைந்த மருந்து, ஆனால் இந்தக் கிருமிக்கு அவ்வளவு வலுவில்லாதது. அவர் அதை மறைக்காமல் சொன்னார். காலையும் மாலையும் நான் அவளுக்குக் காய்ச்சல் பார்த்தேன். வெப்பமானியை வாயிலிருந்து எடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள், அதைப் பார்க்கமாட்டாள். ஊருக்குத் தெரிந்தது. வட்டிலப்பமும் வந்தது. அவள் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசினாள், தேத்தண்ணீர் கொடுத்தாள். கரு போகவில்லை. காய்ச்சலும் வரவில்லை. ஆய்வுகூடத்தை மூடி, இருந்த தட்டுகளையெல்லாம் அவித்து அழித்துவிட்டார்கள்.

கஜீபன் பிழைத்தான். குழாயை எடுத்து வாட்டுக்கு மாற்றியபோது அவனுடைய தோள் எலும்பு சட்டைக்குமேல் தெரிந்தது. அவனைப் பார்க்க நுஸ்ரா பார்வை நேரத்தில் போய்வந்தாள். நானும் ஒருநாள் கூடப் போனேன். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். தாய் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"சென்ட் யாவாரம் எப்படிக்கா?" என்றான்.

"கடைய மூடியாச்சி."

"நல்லதாப் போச்சு. சரக்கு சரியில்ல."

சந்திரகாந்தா சிரிக்கவில்லை. "எம் புள்ளைய படிக்க வச்சது மண்ணுல கைய வைக்காம இருக்கணும்னுதான்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இவன் மண்ண அள்ளிட்டு வந்து மோந்திருக்கான். யாரும் சொல்லலியாம், தானா மோந்தானாம். இந்தப் புத்திக்கா கம்பஸ் போனே?"

கஜீபன் கூரையைப் பார்த்தான். தாயிடம் அவன் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அதைத் திருத்துவது என் வேலை இல்லை.

நுஸ்ரா கையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"அவன் தானா மணக்கல்லம்மா. நான்தான் கூப்பிட்டு நீட்டினேன். மூக்கடைப்புண்டு சென்னான், நான் விடல்ல. பொறகு சேர் கேட்ட நேரம் இல்லண்டு முதல்ல சென்னதும் நான்தான். அவன் எனக்காகத்தான் பொய் சென்னான்."

"அக்கா, விடுங்க," என்றான் கஜீபன்.

"விட ஏலாது."

சந்திரகாந்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். கையைத் தூக்கவில்லை, சத்தம் போடவில்லை. கண் வயிற்றில் வந்து நின்றது. அப்போது அது வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

"எத்தன மாசம்?"

"நாலு முடிஞ்சிட்டு."

"தலப்புள்ளையா?"

"முந்தி ரெண்டு தங்கல்ல."

சந்திரகாந்தா சாப்பாட்டுப் பையை எடுத்து நுஸ்ராவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இங்கின எல்லாம் காச்சல்காரங்க. நீங்க இனி வராதீங்க மிஸ்."

இறங்கி வரும்போது நுஸ்ரா என்னிடம், அவர் தன்மீது அக்கறைப்பட்டு அப்படிச் சொன்னாரா, முகத்தில் விழிக்காதே என்று சொன்னாரா என்று கேட்டாள். பஸ் நிலையம்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை என்றேன். கஜீபன் வீட்டுக்குப் போய்விட்டான், இன்னும் மாதக்கணக்கில் குளிசை குடிக்க வேண்டும். நுஸ்ரா அவனுடைய போனுக்கு அழைப்பதில்லை. தாய் எடுத்தால் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.