கன்வெர்ட்டருக்கு ஒரு ஆள் வேண்டும்

இரண்டாயிரங்களின் நடுவில் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஊரப்பாக்கத்தில் ரயிலேறிப் போய்ச் செய்யும் ஆபீஸ் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று, பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்ததை, எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க வரும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர். நானே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் விட்டிருந்தேன். அதற்குச் சம்பளமாக வந்ததெல்லாம் புகார்கள்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போய்விடும்.

அப்புறம் மணிக்கட்டு வலி வந்தது. ஆபீஸைத் தவிர வேறெங்கும் கீபோர்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அச்சுக்கடைக்காரர்கள், சிறுபத்திரிகைக்காரர்கள் என்று கன்வெர்ட்டரை நம்பி இருந்தவர்கள் நிறையப் பேர். பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் அடுத்த விண்டோஸ் வந்ததும் அது படுத்துவிடும். என் இத்தனை ஞாயிறுகளைத் தின்றதை அப்படிச் சாகவிட மனசு வரவில்லை. என்னால் இனி முடியாது, பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்று, தமிழ் ஆர்வலர்கள் இமெயிலில் கூடிப் பேசும் மடற்குழுவில் எழுதினேன்.

பதில்கள் வந்து குவிந்தன. 'தங்கள் தமிழ்ப்பணி தொடரட்டும்!' தொடர முடியாது என்றுதானே ஐயா எழுதியிருக்கிறேன்? ஒருவர் வெண்பா அனுப்பினார். இன்னொருவர் பாராட்டு விழா வைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்றார். விழாவை எங்கே வைப்பது என்று இரண்டு கோஷ்டியாகி அடித்துக்கொண்டார்கள். கன்வெர்ட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

வாழ்த்தாதவர் ஒரே ஒருவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் புதுப்பட்டினம் கடைத்தெருவில் டிடிபி சென்டர் வைத்திருந்தவர். நிக்காஹ் பத்திரிகையிலிருந்து காதுகுத்து நோட்டீஸ் வரை அடிப்பார். வாராவாரம் எனக்கொரு புகார் எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் கேட்டிருந்தது ஒன்றுதான். வரி உடையும் இடத்தில் எழுத்தை விட்டுக் கொம்பு தனியாகத் தொங்குகிறதே, அதை இனி யார் சரிசெய்வார்கள்?

அடுத்த சனிக்கிழமையே செங்கல்பட்டு போய், கல்பாக்கம் பஸ் பிடித்து, அவர் கடையில் போய் இறங்கினேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அவசரமாக டீ சொன்னார். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும் ஆள் பதறிப்போனார்.

"இன்னா மேடம் நீங்க? எனக்குக் கொற சொல்லத்தான் வரும்."

"அது போதும். மத்தவங்களுக்கு வாழ்த்த மட்டும்தான் வருது."

சிரித்துவிட்டார். டீ ஆறுவதற்குள் கன்வெர்ட்டர் இருந்த தளத்தின் பாஸ்வேர்டு கைமாறியது.

சில மாதம் சும்மா இருந்தேன். அப்புறம் கை அரித்தது. டாக்டருக்குத் தெரியாமல் கன்வெர்ட்டருக்கு ஒரு சின்னத் திருத்தம் எழுதி அவருக்கு அனுப்பினேன். அன்று மத்தியானமே பதில் வந்தது: "டெஸ்ட் பண்ணாம அனுப்பிக்கிறீங்க மேடம். பழைய ஃபைலு எல்லாம் ஒடஞ்சிடும். சேக்க முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய கன்வெர்ட்டர், யாரிடம் முடியாது என்பது? வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். 'ஓட்டித்தான் பாரேன்' என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பழைய ஃபைல் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். உடைந்தது.

கோபம் வடிந்துவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னிடமிருந்தே கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.