பெயரில்லாத குடுவை

சுங்கை பினாங் வீட்டில் வாழ்ந்த காலமெல்லாம் குணவதியின் கணவர் சிவநேசன் தேநீரைக் கொதிக்கக் கொதிக்கத்தான் குடிப்பார். "சூடு ஆறட்டும்லா" என்று அவள் கத்துவாள். காதிலேயே வாங்க மாட்டார். கடைசியில் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, ஒரு மிடறு தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தார்.

ஆராய்ச்சிக்கென்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்டியின் செல்கள், குணவதி வேலைபார்க்கும் ஜார்ஜ்டவுன் ஆய்வகத்தில்தான் ஒரு குடுவைக்குள் வளர்கின்றன. குடுவையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண்ணை ஒட்டியவளே அவள்தானே! இரண்டு நாளுக்கொருமுறை ஊட்டத் திரவத்தை உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுவாள்.

இன்று அந்தச் செல்களில் ஒன்றின் குரோமோசோம்களை எண்ணினாள். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்துமூன்று. ஆணுக்குரிய ஒய் குரோமோசோமைக் காணவே இல்லை.

"அண்ணனோடது ஒண்ணும் மிச்சமில்லக்கா. இது வெறும் கேன்சர்லா," என்றாள் உடன் வேலைபார்க்கும் நஜ்வா.

"தெரியும்லா. அவரைக் கொன்னதே இதுதான்."

வெடுக்கென்று சொல்லிவிட்டு, திரவப் புட்டியைப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு குடுவையைத் திறந்தாள்.

"சூடு சரியாத்தான் இருக்கு. குடிங்க."