நுனி ஒடிந்த வெண்டைக்காய்

கண்ணுகளா, காய்கறிக் கடை முன்னால் நின்றால் எனக்கு இன்னும் இருப்புக்கொள்வதில்லை. போர்வெல் வண்டி வேலைக்குத் தான்சானியா போயிருந்தபோது நடந்தது இது.

அன்று சமையல் என் முறை. பாஷை தெரியாத சந்தையில் தவித்துப்போய் உங்கள் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். எதிரே ஓர் அம்மாள் தரையில் வெண்டைக்காயைக் கூறு கூறாக வைத்திருந்தார்.

"ஏனுங்க, நுனிய ஒடிச்சுப் பாத்து எடுங்க. முத்தலா இருந்துறப் போவுது" என்றாள் உங்கள் அம்மா.

நம் ஊர்ப் பழக்கம்தானே என்று மளமளவென ஒடித்தேன். கடைக்கார அம்மாள் சொன்னது எனக்குப் புரியவில்லை. அதற்குள் வாங்க வந்த ஒரு பெண் ஒடிந்த காய்களைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒடிந்த காய் ஒன்றை எடுத்து, போனில் தெரிந்த உங்கள் அம்மாவின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"நாஞ் சொன்னது தப்புங்க. ஒடிச்சதெல்லாம் நீங்களே வாங்கிக்கோங்க" என்றாள் உங்கள் அம்மா.

"இத்தனையும் யாரு திங்கிறது?"

"ஒடிச்சவருதான்."

வாங்கினேன். நான் கேட்காமலே அந்த அம்மாள் இரண்டு தக்காளியை மேலே வைத்தார். அதன்பின் அங்கே நிற்க முடியவில்லை.

அறையில் நறுக்கியபோது ஒன்றுகூட முற்றல் இல்லை.

நேற்று திருச்செங்கோடு சந்தைக்குத் தனியாகப் போனேன். விரல்கள் தாமாகவே நுனிக்குப் போயின. கையை இழுத்துக்கொண்டேன். மற்றவர்கள் ஒடித்துப் போட்டுவிட்டுப் போன காய்களையே பொறுக்கி, எடை போடச் சொன்னேன்.