கிராம்பு கழன்ற பீடா

ஷேர்கட் நவாபுக்கு இருபது வருஷமாகப் பீடா மடித்தவர் மைக்கூலால். மடிப்பு கொஞ்சம் கோணினாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. "சாமியே கோணலா நின்னாலும் நிமித்தி வெச்சிட்டுத்தான் கும்பிடுவீங்க" என்பாள் பெண்டாட்டி சுகியா. அதில் பொய் இல்லை.

அந்த வருஷம் நவாபுக்கு நேரம் சரியில்லை. மராட்டியருக்கும் வெள்ளைக்காரக் கும்பினிக்கும் "உயிர் நண்பரே" என்று ஒரே கையால் கடிதம் எழுதிச் சமாளித்து வந்தவர் அவர். டில்லி பாதுஷா பட்டம் அனுப்பினார், படை அனுப்பவில்லை. கடைசியில் கும்பினித் தளபதி பீரங்கியோடு ஆற்றுக்கு அக்கரையில் வந்து உட்கார்ந்துவிட்டான். மராட்டியக் குதிரைப்படை துணைக்கு வந்துசேரப் பத்து நாள் ஆகும். அதுவரை வெள்ளைக்காரனைப் பேச்சிலேயே கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டை போச்சு.

தூது போக ஆள் வேண்டி, நவாப் சபை நடுவில் வெள்ளித் தட்டில் ஒரு பீடா வைத்தார். எடுப்பவன் காரியத்தை ஏற்றுக்கொண்டான் என்பது அங்கே வழக்கம். எட்டுத் தளபதிகள் இருந்தார்கள். ஒருத்தர் மீசையைத் தடவினார், ஒருத்தர் கூரையில் பல்லி தேடினார். வாய் கிழியப் பேசுகிற கூட்டம், தட்டைக் கண்டதும் ஊமை. தூ!

மைக்கூலாலுக்கோ வேறு கவலை. பீடாவில் குத்திய கிராம்பு கழன்று, மடிப்பு வாய் பிளந்துகொண்டிருந்தது. எத்தனை நேரம்தான் பொறுப்பார்? போய் எடுத்து, கிராம்பை அழுத்திக் குத்தினார்.

"நீயா மைக்கூ?" என்றார் நவாப்.

"இல்லீங்க எசமான், கிராம்பு..."

"எடுத்தா எடுத்ததுதான்யா" என்றார் ஒரு தளபதி, அவசர அவசரமாக.

மறுநாள் வெற்றிலைப் பெட்டியோடு ஓடம் ஏறினார். ஆனால் பீடா கைகொடுத்தது. கும்பினித் தளபதி துரைக்கு ருசி பிடித்துப்போய், ஆறு நாளும் வேளைக்கு நாலு என்று மென்றான். பேச்சு வெற்றிலையைத் தாண்டவில்லை. மைக்கூலாலுக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

ஏழாம் நாள், "இத்தனை தளபதி இருக்கையில உன்னை ஏன் அனுப்பினாங்க?" என்று துபாஷி மூலம் கேட்டான் துரை.

இவ்வளவு பழகியவனிடம் மறைப்பானேன் என்று, நடந்ததை நடந்தபடி சொன்னார். துரை கண்ணில் நீர் வரச் சிரித்தான். மைக்கூலாலும் சேர்ந்து சிரித்தார்.

"அப்ப ஒருத்தர்கூட எடுக்கலை?"

"ஒருத்தர்கூட எடுக்கலீங்க, துரை."

துரை வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். பொழுது சாயுமுன் பீரங்கிகள் கோட்டையைப் பார்த்து ஓடத்தில் ஏறின.

கரையில் உட்கார்ந்து, "என் வாயாலதானே சொன்னேன், என் வாயாலதானே சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார் மைக்கூலால்.