அக்கா கேட்ட மரங்கொத்தி

பல் செட்டு செய்து கொடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்குப் பல்செட்டார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பல்லைத் தேய்க்கும் இயந்திரம் வருஷக்கணக்காகக் கீச்சிட்டுக் கீச்சிட்டு, மெல்லிய சத்தங்களை அவர் காதிலிருந்து வழித்தெடுத்துக்கொண்டு போயிருந்தது. யார் பேசினாலும் கேட்கும். குருவி கத்தினால் கேட்காது.

ஞாயிறு காலை அவரும் அவருடைய அக்காவும் பூங்காவில் இருப்பார்கள். இருவருக்கும் சின்ன மரங்கொத்தி என்றால் பைத்தியம். குருவியளவுதான் இருக்கும். பழுப்பு முதுகில் வெள்ளைக் கோடுகள். மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டால் பார்வைக்குச் சிக்காது. குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அக்கா முழங்கையைப் பற்றி அவரைத் திருப்புவாள்.

"அந்தப் பட்டுப்போன கிளைடா. அடிப்பக்கம் பாரு. ஆணா, பொண்ணா?"

ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால் மெல்லிய சிவப்புக் கீற்று உண்டு. பைனாகுலரில் அதைத் தேடிச் சொல்வது தம்பியின் வேலை. அக்காவுக்குப் பார்வை மங்கல்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை.

பல்செட்டார் தனியாகப் போனார். மரமெல்லாம் ஊமையாக நின்றது. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினார். செருப்புச் சத்தம்கூட இடியாக விழுந்தது, மரங்கொத்தி மட்டும் வரவில்லை. கழுத்து வலிதான் மிச்சம்.

ஒரு ஞாயிறு, பூங்கா வாசலில் அக்காவின் கணவர் நின்றிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

"நானும் வரேன் மாப்ளே. வீட்ல இருந்தா சுவரு முழுங்குது."

அவருக்குக் காது கூர்மை. ஆனால் எது எதன் சத்தம் என்று தெரியாது.

"அதோ, உன் குருவி!"

"அணில், மாமா."

"அப்ப இது?"

அது எண்ணெய் காணாத ஊஞ்சல். பல வாரங்கள் இப்படியே போயின. பிறகு ஒருநாள் மாமா சட்டென்று நின்றார்.

"தகரத்தைக் கம்பியால கீறுற மாதிரி கேக்குது மாப்ளே. அங்க, மேல."

பல்செட்டார் பைனாகுலரைத் தூக்கினார். காய்ந்த கிளையில் மரங்கொத்தி தலைகீழாகத் தொற்றிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தது. காற்று இறகைத் தூக்கியபோது சிவப்புக் கீற்று தெரிந்தது. பைனாகுலரை மாமாவிடம் நீட்டினார்.

மாமா நெடுநேரம் பார்த்தார்.

"இத்துனூண்டு! இதுக்கா என்னைய வாராவாரம் தனியா விட்டுட்டு வந்தா?"

"ஆமா மாமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டேதான் இருந்தா."

குருவி பறந்துவிட்டது. மாமா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அதன் கீழே கன்னம் நனைந்துகொண்டிருந்தது. பல்செட்டார் அவர் தோளில் கை வைத்தார்.

"போலாமா மாமா?"

"இரு மாப்ளே. வந்தது ஆணுன்னா, அதோட ஜோடி இங்கதானே எங்கயாவது இருக்கும்?"

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறும்வரை மாமா காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். வேறெதுவும் கூப்பிடவில்லை.