பின் சீட்டுக்கு ஆள்

கல்முனையில் மலை கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே நேராக ஓடும் ஒரு பிரதான வீதி, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் தண்ணீர் மீற்றர் வாசிக்கிற ஜுனைட், மலையும் காடும் ஏறுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் சனம் சும்மா இருக்குமா?

"எந்த மலைல மச்சான் மீற்றர் பாக்கப் போறாய்?" என்று பக்கத்து வீட்டு ஸஹீத் முதல் நாளே தொடங்கிவிட்டான்.

ஜுனைட் சிரித்துக்கொண்டான். ஐம்பதைத் தாண்டியவன். பாதி ஆயுளை ஒரு பழைய சின்ன பைக்கில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்து, மீற்றர் மூடியைத் திறந்து, வீட்டு நாய்களிடம் தப்பியே கழித்தவன். நாட்டுக்குள் புது வாகனம் வராமல் இருந்த வருடங்களில் இந்த பைக்கைப் போனில் பார்த்துப் பார்த்தே ஏங்கினான். இறக்குமதித் தடை நீங்கிக் கப்பல் வந்ததும் பதிவு செய்ய ஓடிய முதல் ஆட்களில் அவனும் ஒருவன். அதில் ஏறி உட்கார்ந்தால் அவனுக்குக் கால் பெருவிரல்தான் தரையில் முட்டும். அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

இத்தனையும் எதற்கென்றால், மனைவி ஹிமாயாவுக்கு மலைநாட்டைக் காட்டுவதற்கு. கல்யாணம் முடித்த புதிதில் கொடுத்த வாக்கு அது. முதலில் யுத்தமும் சோதனைச் சாவடிகளும் குறுக்கே நின்றன. பிறகு மகளின் படிப்பு, பிறகு வாப்பாவின் நோய், பிறகு பெற்றோல் வரிசை. ஹிமாயா ஒரு நாளும் கேட்கவில்லை. தையல் மெஷினில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கணுக்கால் வரை மூடும் அபாயா தைத்துக்கொண்டு அவள் பாட்டில் இருந்தாள். இப்போது மகளும் கல்யாணம் முடித்துப் போய்விட்டாள். இனிச் சொல்வதற்குச் சாட்டு ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் பைக் பைத்தியம் லேசானதா? இஞ்சினுக்கு இரும்புக் காப்பு, கைக்குக் காவல், காற்று மறைக்கும் கண்ணாடி, பனிமூட்டத்துக்கு விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பூட்டினான். கடைசியாகப் பின்பக்கம் வலமும் இடமும் இரண்டு அலுமினியப் பெட்டிகள் ஏறின. எதை எங்கே பூட்டுவது என்று கண்காணாத தேசத்து ஆட்களிடமெல்லாம் போனில் எழுதிக் கேட்டான். ஹிமாயாவிடம் மட்டும் கேட்கவில்லை.

பெட்டி பூட்டிய அன்று அவளை வாசலுக்குக் கூப்பிட்டான். அபாயாவில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிக்கொண்டே வந்தவள், பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவள் எப்போதும் இடது பக்கம் இரண்டு காலையும் தொங்கவிட்டு ஒருபக்கமாக உட்காருகிறவள்.

"இஞ்ச பாருங்க, நான் எங்க கால வைக்கிற?"

அவள் கால் வைக்க வேண்டிய இடத்தில் பெட்டி பளபளவென்று இருந்தது.

"நீங்க கூட்டாளிமாரோட போய்ட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மெஷின் ஓடத் தொடங்கியது. கோபித்திருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம்.

மறுநாளே பாண்டிருப்பில் இரும்புக் கேற் அடிக்கிற சசிகரனின் பட்டறைக்குப் பைக்கைக் கொண்டுபோனான்.

"இடது பெட்டியக் கழட்டு தம்பி. அவ கால் வைக்க ஒரு பலகை அடி. பிடிக்க ஒரு கம்பியும் வேணும்."

"ஒரு பக்கம் மொட்டையா நிக்குமே ஜுனைட் நானா," என்றான் சசிகரன். "அதுவும் இவ்வளவு உயரத்துல ஒருபக்கமா இருந்து மலை வளைவுல போறது நல்லதுக்கில்ல. நான் சொல்லிட்டன்."

ஜுனைட் கேட்கிற நிலையில் இல்லை. பலகை ஏறியது, கம்பியும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை வரிப்பத்தான்சேனையில் இருக்கும் ஹிமாயாவின் தங்கை ஸுல்பிகா வீட்டுக்கு வெள்ளோட்டம் புறப்பட்டார்கள்.

தார் வீதி இருக்கும் மட்டும் எல்லாம் நன்றாகவே போனது. வயல் பாதையில் திரும்பியதும் அறுவடை மெஷின் உழக்கிவிட்ட பள்ளங்கள் வந்தன. பைக் துள்ளியது. அதற்குப் பள்ளம் என்றால் குஷி. ஹிமாயா சீட்டில் வழுக்கி வழுக்கி, கம்பியை விட்டு ஜுனைட்டின் சேர்ட்டைப் பிடித்தாள்.

"நிப்பாட்டுங்க."

இறங்கியவள் திரும்ப ஏறவில்லை. வெயிலில், அபாயாவைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். பக்கத்தில் ஜுனைட் ஆள் நடக்கிற வேகத்தில் பைக்கை உருட்டிக்கொண்டு போனான். வயலில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏன் ராத்தா நடந்து வாறீங்க? பைக் பழுதா?" என்று வாசலிலேயே ஸுல்பிகா கேட்டாள்.

"பைக் நல்லாத்தான் இரிக்கி," என்றாள் ஹிமாயா.

பின்னேரம் அவள் இறக்காமத்துக்கு வந்து பஸ் ஏறினாள். ஜுனைட் வெறும் பின் சீட்டோடு வீடு வந்தான். அவ்வளவு அழகான பைக்கைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. பொலித்தீன் விரிப்பால் மூடினான். யாராவது விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று ஸஹீதிடம் சொன்னபோது, ஸஹீதுக்கே பகிடி விட மனம் வரவில்லை.

சில நாள் கழித்து வேலை முடிந்து வந்தவன் வாசலில் அப்படியே நின்றான். விரிப்பு கழற்றிக் கிடந்தது. தையல் ரேப்பும் கையுமாக ஹிமாயா சீட்டின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். பிறகு குனிந்து, சீட்டிலிருந்து கால் மிதி வரைக்கும் அளந்தாள்.

"என்ன புள்ள, சீட்டுக்கு உறை தைக்கப் போறியா?"

"சீட்டுக்கு இல்ல. எனக்கு."

அந்தக் கிழமை முடிவதற்குள் தைத்து, உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பார்த்தால் எல்லா அபாயாவையும் போல ஓர் அபாயாதான். அவள் காலை அகட்டியதும் இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து மறைவாக வைத்த மடிப்புகள் விரிந்தன. உள்ளே அதே துணியில் முழுக் காற்சட்டை. உடம்பில் ஓர் இடமும் வெளியே தெரியவில்லை, ஓர் இடமும் இழுக்கவில்லை.

"அந்தப் பலகையக் கழட்டுங்க. பெட்டியத் திருப்பிப் பூட்டுங்க. என்ட உடுப்பெல்லாம் எதுல வைக்கிற?"

சந்தோசப்பட வேண்டியவன் தயங்கினான்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு இருந்தா சனம் கதைக்கும் புள்ள."

"நான் ரோட்டால நடந்து போகக்கயும் கதைச்சாங்கதானே."

ஜுனைட் பலகையைக் கழற்றச் சாவி எடுக்கப் போனான்.

பள்ளி விடுமுறை நெரிசல் ஓய்ந்த பிறகு ஒரு நாள், சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். மொனராகலையில் தேத்தண்ணி குடித்தார்கள். வெல்லவாயவைத் தாண்டியதும் வீதி ஏறத் தொடங்கியது. காற்றுக் குளிர்ந்தது. வழி நெடுக ஜுனைட்டின் காது பின்னாலேயே இருந்தது. எந்த வளைவில் அந்த 'நிப்பாட்டுங்க' வருமோ என்று பயந்து, ஒரு பெரிய லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனான்.

ஒரு வளைவு கழிந்ததும் அவன் தோளில் தட்டு விழுந்தது. சரி, இவ்வளவு தூரம் வந்ததே போதும் என்று பிரேக்கில் காலை வைத்தான்.

"இந்த லொறிய முந்துங்க," என்றாள் ஹிமாயா. "எனக்கு மலை மறைக்குது."